எருக்கு நடுவோம்

மனை வாங்கியதும் நடக்கும் முதல் வேலை இடத்தைச் சுத்தம் செய்வது. ஜேசிபி வந்து முள்ளையும் புதரையும் வழித்துத் தள்ளும்போது எருக்கும் வேரோடு போகிறது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, ஆடு மாடும் வாய் வைப்பதில்லை. அதனால் அது யாருக்கும் வேண்டாத செடி என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு குடும்பம் அழிய வேண்டும் என்று சபிக்கிறவர்கள்கூட, அந்த வீட்டில் எருக்கு முளைக்க வேண்டும் என்றுதான் சபித்தார்கள்.

எருக்கு முளைத்த இடம் பாழ் என்ற அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். சித்திரை வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, சொட்டுத் தண்ணீர் கேட்காமல் பூத்து, வண்டுகளுக்குத் தேன் கொடுக்கும் செடி அது. நம் தோட்டத்துக் கத்திரியும் முருங்கையும் காய்ப்பதற்கு உதவும் வண்டுகள் அவை. இடம் இருப்பவர்கள் எருக்கைத் தெரிந்தே வளர்க்க வேண்டும்.

செடியை அறிவோம்

தமிழ்நாட்டில் வீதியோரத்திலும் தரிசிலும் கடற்கரை மணலிலும் நாம் அதிகம் பார்ப்பது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா என்ற இனம். தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் இதன் தாய்மண். பல்லாண்டு வாழும், ஆள் உயரத்தைத் தாண்டி, நல்ல இடமாக இருந்தால் பத்து அடிக்கு மேலும் போகும். அடித்தண்டு முதிர்ந்து கட்டையாகிவிடும். மேல்கிளைகள் பச்சையாக, வெண்பொடி பூசியபடி இருக்கும். இலைகள் எதிரெதிராக, காம்பு இல்லை என்றே சொல்லும்படி தண்டை ஒட்டி அமைந்திருக்கும். தடித்த அந்த இலையின் மேலுள்ள மெழுகும் மென்மயிரும் வெயிலைத் திருப்பி அனுப்பி, ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன. ஆணிவேர் ஆழமாக இறங்கி, மற்றச் செடிகளுக்கு எட்டாத ஈரத்தைத் தேடிக்கொள்ளும். கோடையிலும் எருக்கு வாடாமல் நிற்பதற்கு இவையே காரணம்.

பூ இளம் ஊதா நிறத்திலோ வெள்ளையாகவோ இருக்கும். வெள்ளெருக்கு என்று நாம் தனியாக மதிப்பது பெரும்பாலும் இதே இனத்தின் வெள்ளைப் பூ வகைதான். இதன் நெருங்கிய உறவான கலோட்ரோபிஸ் புரோசெரா வறண்ட பகுதிகளில் வளர்வது. அதன் இதழ்கள் கிண்ணம்போல் நிமிர்ந்து, நுனியில் அடர்ந்த ஊதாப் புள்ளியோடு இருக்கும். ஜைஜான்டியாவின் இதழ்களோ முழுக்க விரிந்து பின்னால் மடிந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு அடையாளம் போதும்.

அரளியும் நித்தியகல்யாணியும் இடம்பெற்றுள்ள அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்தது எருக்கு. அக்குடும்பத்துக்குள் வேலிப்பருத்தி உள்ள பிரிவே இதன் பிரிவு. வேலிப்பருத்தியும் எருக்கும் மகரந்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறவை. அந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால், எருக்கைக் களை என்று சொல்ல மனம் வராது.

பூவுக்குள் ஓர் இயந்திரம்

ஒரு எருக்கம்பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் வார்த்தது போன்ற ஐந்து இதழ்கள் விரிந்திருக்கும். நடுவில் ஐந்து மடல்கள் தாங்கி நிற்கும் ஒரு சிறு தூண். அதன் தலை தட்டையாக, ஐங்கோணமாக இருக்கும். சாதாரணப் பூக்களில் சூல்முடி தனியாகவும் மகரந்தப் பைகள் தனியாகவும் இருக்கும். எருக்கில் இரண்டும் ஒட்டி ஒரே உறுப்பாகிவிட்டன. அதுதான் இந்தத் தூண்.

ஐங்கோணத் தலையின் ஒவ்வொரு மூலையையும் உற்றுப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று தெரியும். அதன் கீழே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பிளவு. அந்தக் கரும்புள்ளி ஒரு கவ்வி. குண்டூசியின் முனையை அதில் மாட்டி மெதுவாக மேலே இழுத்தால், கவ்வியோடு இரண்டு மஞ்சள் பைகள் வெளியே வரும். நடுவில் கவ்வி, இரு பக்கமும் மெல்லிய கைகள், கைகளின் முனையில் பைகள்: முழுக்க ஒரு காவடி அமைப்பு. பூவின் மகரந்தம் அனைத்தும் இப்படி ஐந்து காவடிகளாக, பத்துப் பைகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. தூளாகக் காற்றில் பறப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

தேன் இருப்பது மடல்களின் அடியிலுள்ள குழிவில். அதைக் குடிக்க வரும் வண்டு வழுக்கும் மெழுகுப் பரப்பில் பிடிமானம் தேடித் தூணைக் கட்டிக்கொள்கிறது. அதன் காலோ வாயுறுப்போ பிளவுக்குள் சிக்கி, மேலே இழுக்கப்படும்போது கவ்வியில் மாட்டிக்கொள்கிறது. வலுவோடு உதறினால் காவடி பூவிலிருந்து கழன்று வண்டோடு போகிறது. அடுத்த பூவில் அதே வண்டு அதே போலப் பிடிமானம் தேடும்போது, தொங்கும் பை அந்தப் பூவின் பிளவுக்குள் செருகிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தில் மகரந்தம் முளைவிட்டுச் சூலகத்தை அடைகிறது.

ஒரு பை சரியான பிளவில் சேர்ந்தால் ஒரு காய்க்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான சூல்களுக்கு அதுவே போதும். சேராவிட்டால் அத்தனையும் வீண். கொத்துக் கொத்தாகப் பூக்கும் எருக்கில் மிகச் சில காய்களே பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். எறும்பும் சிறு தேனீயும் வந்து தேனை நக்கிவிட்டுப் போகலாம். பூவிலிருந்து காவடியைப் பிடுங்கும் வலு அவற்றுக்குக் கிடையாது. அதற்குப் பெரிய உடலும் முரட்டுக் கால்களும் வேண்டும்.

கருவண்டு என்னும் கூட்டாளி

அந்த வலு உள்ளது கருவண்டுக்கு. கட்டைவிரல் நுனியளவு பருத்த உடலோடு, பளபளக்கும் கறுப்பில், கனத்த ரீங்காரத்தோடு வரும். வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனத்தைச் சேர்ந்தது; அறிவியலில் சைலோகோப்பா. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருப்பதால் தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். கூட்டமாக அடை கட்டாது. ஒரு பெண் வண்டு தனக்கென ஒரு சுரங்கம் குடைந்து, அதை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொரு அறையிலும் மகரந்த உருண்டை ஒன்றை வைத்து அதன்மேல் முட்டையிடும். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

கத்திரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் ஒரு சிறு துளைதான் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் வேறு சில தனித் தேனீக்களுக்கும்தான் தெரியும். முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதிலும் கருவண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறவருக்குக் கருவண்டு தேவை. காய்கறிகள் பூக்காத மாதங்களில் கருவண்டுக்கு உணவு தேவை. ஆண்டு முழுவதும் பூக்கும் எருக்கு அந்த இடைவெளியை நிரப்புகிறது.

ஆனால் எருக்கு மட்டும் போதாது. எருக்கின் மகரந்தம் பையில் கட்டுப்பட்டுக் கிடப்பதால் வண்டால் அதைத் தின்னவும் முடியாது, குஞ்சுக்கு உருண்டை பிடிக்கவும் முடியாது. எருக்கு தருவது தேன் மட்டும். ஆவாரம்பூவில் நிலைமை நேர்மாறு: பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு, அதுவும் அதிர்த்தால்தான் கொட்டும். இரண்டும் வறட்சி தாங்குபவை, இரண்டும் ஒரே தரிசில் அருகருகே வளர்பவை. எருக்கு நடுகிறவர்கள் பக்கத்திலேயே ஆவாரையும் நட்டால் கருவண்டுக் குடும்பத்துக்கு முழுச் சாப்பாடு கிடைத்துவிடும். காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் குடியிருக்க வீடும் ஆயிற்று.

வெந்தய வரியன் பிறக்கும் வீடு

எருக்கு வைத்த இடத்துக்கு அடுத்து வருவது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. செம்மஞ்சள் இறக்கை, கறுப்பு விளிம்பு, நுனியில் வெள்ளைப் பட்டை. பெண் பூச்சி இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்லும். சில நாளில் புழு வெளியே வரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளும் உள்ள புழு அது.

எருக்கிலையைக் கடித்தால் பால் பீறிடும். சிறு புழுவின் வாயை ஒட்டிக் கொல்ல ஒரு சொட்டுப் பாலே போதும். இளம்புழு அதனால் உடனே தின்னத் தொடங்குவதில்லை. முதலில் இலையில் வட்டமாக ஒரு பள்ளம் கொறிக்கும். பால் ஓடும் குழாய்கள் அறுபட்டு, பால் விளிம்பில் வடிந்து தீர்ந்ததும் வட்டத்தின் நடுவிலுள்ள பகுதியை நிம்மதியாகத் தின்னும். வளர்ந்த புழு இலை நரம்பையே கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டுச் சாப்பிடும். எருக்கஞ்செடியில் வட்ட ஓட்டை விழுந்த இலைகளைப் பார்த்தால், அங்கே புழு இருந்தது என்று அறியலாம்.

பாலிலுள்ள கார்டினோலைடு என்னும் நச்சு இதயத்தைத் தாக்குவது. புழு அதைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியான பின்னும் அது உடலில் தங்குகிறது. ஒருமுறை தின்ற பறவை கக்கிவிட்டு, அந்த நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிப்போகும். ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண், உடலில் நச்சு ஏதும் இல்லாமலே, வெந்தய வரியனின் நிறத்தை மட்டும் அப்படியே கொண்டு பறந்து உயிர் தப்புகிறது.

ஆசியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட எருக்கு, அங்கே வட அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு முக்கிய உணவாகிவிட்டது. மொனார்க் வெந்தய வரியனின் உறவினம். அங்கும் எருக்கம்பூவில் மாலை கட்டுகிறார்கள், தாய்லாந்திலும் கட்டுகிறார்கள்.

பயப்பட வேண்டாத விருந்தாளிகள்

2020 மே மாதம் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிப் படையெடுப்பு செய்தியானபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த வெட்டுக்கிளிகளைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அவை படையெடுத்து வந்தவை அல்ல, உள்ளூர் எருக்கு வெட்டுக்கிளிகள்தாம் என்று வேளாண் அதிகாரிகள் விளக்கினார்கள். மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த அழகிய பூச்சி அது. எருக்கையே விரும்பித் தின்னும். வயலை மொட்டையடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இளங்கொழுந்தில் மஞ்சள் நிற அசுவினி அப்பிக்கொள்வதும் இயல்பு. மருந்து அடிக்க ஓட வேண்டாம். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும், அங்கேயே முட்டையிடும், பெருகும். அந்தப் பொறிவண்டுகள் பக்கத்துப் பாத்தியிலுள்ள அவரை, வெண்டை அசுவினியையும் தின்னும். எருக்கின்மேல் மருந்து அடித்தால் வரியன் புழுவும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். செடி வைத்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

பாலில் கவனம் வேண்டும்

எருக்கை நடச் சொல்லும்போது அதன் நஞ்சையும் சொல்லியாக வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பல சமயம் அதிக வலி இராது; அதனால் அலட்சியம் செய்துவிடுவார்கள். அதுவே ஆபத்து. பட்ட உடனே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பூஜைக்குப் பூப்பறித்த கையோடு கண்ணைக் கசக்குவதால் நேரும் விபத்துகளே அதிகம். பறிக்கும்போதும் கிளை வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செடியின் எந்தப் பகுதியையும் கைவைத்தியம் என்று உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சின்னக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இதை வைக்க வேண்டாம். வேலியோரமே இதற்கு ஏற்ற இடம்.

வளர்க்கும் முறை

எருக்குக்கு வேண்டியவை இரண்டு: நாள் முழுக்க வெயில், தண்ணீர் தேங்காத மண். செம்மண், சரளை, கடற்கரை மணல், உப்புக் காற்று எதுவும் அதற்குத் தடையில்லை. நிழலில் வைத்தால் நெடுநெடுவென்று வளர்ந்து பூக்காமல் நிற்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

விதையிலிருந்து வளர்ப்பது எளிது. காய் முதிர்ந்து வெளிறி, அதன் கோடு பிளக்கத் தொடங்கும் தருணத்தில் பறித்துவிடுங்கள். முழுக்க வெடித்துவிட்டால் பஞ்சோடு விதை பறந்துவிடும். பஞ்சை நீக்கி, தட்டையான பழுப்பு விதைகளை மணல் கலந்த மண்ணில் மேலாக ஊன்றி ஈரம் காத்தால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். புது விதை நன்றாக முளைக்கும். பழைய விதையை நம்ப வேண்டாம்.

போத்து வைத்தும் வளர்க்கலாம். வெள்ளெருக்கு வேண்டுமென்றால் இதுவே உறுதியான வழி. விதையில் நிறம் மாறக்கூடும். கட்டைவிரல் பருமனுள்ள முதிர்ந்த கிளையை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, இலைகளைக் களைந்து, நிழலில் ஓரிரு நாள் போட்டுவையுங்கள். வெட்டுவாயில் பால் உலர்ந்தபின் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். ஆடி மாதமோ, ஐப்பசி மழைக்குச் சற்று முன்போ வைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும்.

வளர்ந்த செடியைத் தோண்டி இடம் மாற்றப் பார்க்காதீர்கள். ஆணிவேர் அறுந்து செடி பிழைப்பது அரிது. எனவே இடத்தைத் தொடக்கத்திலேயே நன்கு யோசித்து முடிவு செய்யுங்கள். இரண்டு செடிக்கு இடையே ஆறடி விடுங்கள். முதல் கோடையில் வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும்; அதன்பின் அதுவும் வேண்டாம். உரமே தேவையில்லை.

சில ஆண்டுகளில் செடி அடியில் மொட்டையாகவும் உச்சியில் மட்டும் இலையாகவும் ஆகிவிடும். அப்போது மழைக்காலத் தொடக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதுக் கிளைகள் கிளம்பிப் புதராகும். ஒரே நேரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்ட வேண்டாம். பாதியை வெட்டி, அது தளிர்த்தபின் மீதியை வெட்டினால் வண்டுகளுக்குப் பூ அற்றுப்போகாது. வெட்டுவதற்குமுன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். புழுவோ கூட்டுப்புழுவோ இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.

வெட்டிய தழையும் வீணில்லை. எருக்கந்தழையை நெல் வயலில் மிதித்துத் தழையுரமாக்குவது நம் உழவர்களின் பழைய வழக்கம். பூச்சிவிரட்டிக் கரைசல்களிலும் எருக்கிலை சேர்கிறது. தண்டின் நார் மிக வலுவானது. கயிறும் மீன்வலையும் திரித்த நார் அது. பஞ்சு தலையணைக்கு உதவியது. அந்தப் பஞ்சையும் நாரையும் பருத்தியோடு சேர்த்து நூலாக்கும் முயற்சி இப்போது புதுச்சேரி, ஆரோவில் பக்கத்தில் நடக்கிறது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வட ஆஸ்திரேலியாவில் எருக்கு இனங்கள் மேய்ச்சல் நிலங்களில் பரவித் தீங்கு செய்யும் அயல் களைகளாகிவிட்டன. ஊர் நினைவில் விதையை எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே அந்த மண்ணுக்குரிய காட்டுப்பூக்களை நடுங்கள்.

பக்தியும் பாதுகாப்பும்

எருக்கைத் தெய்வத்துக்கு உரியதாக வைத்த மரபு நம்முடையது. கடலூர் மாவட்டத்து இராஜேந்திரப்பட்டினத்தின் பழம்பெயர் திருஎருக்கத்தம்புலியூர். அங்கே தலமரம் வெள்ளெருக்கு. ரதசப்தமியன்று ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறோம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கமாலை இல்லாமல் தீராது. எளிய எருக்கம்பூவை ஒருவர் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்பதைக் காட்டி, பாரியின் கொடைக்குணத்தைப் புறநானூற்றின் 106ஆம் பாடலில் விளக்கினார் கபிலர்.

அந்தப் பக்தி இன்று செடிக்கே கேடாகவும் முடிகிறது. வேரில் விநாயகர் செதுக்கி விற்பதற்காக முதிர்ந்த வெள்ளெருக்கை வேரோடு பெயர்க்கிறார்கள். பல ஆண்டு நின்று பூத்த செடி ஒரு பொம்மைக்காகப் போய்விடுகிறது. விநாயகருக்கு வேண்டியவர்கள் வீட்டு வேலியில் ஒரு வெள்ளெருக்கை வளர்த்து, அதன் பூவைச் சாத்துவதே சரியான வழிபாடு.

மனையைச் சுத்தம் செய்யும்போது மூலையிலுள்ள ஒரே ஒரு எருக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேலியோரம், கோயில் நந்தவனம், கண்மாய்க்கரை, வயல் வரப்பின் கடைசி என்று எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு எருக்கும் ஒரு ஆவாரையும் நடுங்கள். செலவு ஏதும் இல்லை. ஓராண்டு காத்திருந்தால் கருவண்டு தானாகத் தேடி வரும். அதன்பின் உங்கள் கத்திரியும் முருங்கையும் காய்ப்பதை நீங்களே பாருங்கள்.